புதுப்பேட்டையிலிருந்து வந்த டாங்க்

இந்த வருஷம் எங்கள் மொட்டை மாடியில் வடாம் காய்ந்தது கொஞ்சம்தான். மீதி இடத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டாங்க். ஒன்றுகூட இல்லை, இரண்டு! ஒன்றன் பின் ஒன்றாக வந்து, வெயிலில் குப்புறக் கவிழ்ந்து காய்ந்துவிட்டுப் போயின.

"இவளுக்கும் பெட்ரோல் டாங்க்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வீட்டில் வண்டிப் பைத்தியம் பிடித்த ஒரு பையன், பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் பெண், தவழ்கிற வயசில் ஒரு பேத்தி, இவர்களோடு ஒரு காஸ் அடுப்பும் ஸ்வாமி விளக்கும் இருந்துவிட்டால், பெட்ரோல் டாங்க் தானாகவே நம் டிபார்ட்மென்டுக்கு வந்துவிடுகிறது.

வண்டி அவருடையது. யமஹா ஆர்.எக்ஸ். 100. யமஹாவும் எஸ்கார்ட்ஸும் சேர்ந்து 1985-லிருந்து 1996 வரை நம் நாட்டில் செய்த வண்டி. 98 சி.சி.தான், ஆனால் தெருக்கோடியில் திரும்பும்போதே சத்தம் வீட்டுக்குக் கேட்கும். நான் சாதத்தை இறக்கி வைக்கவும் அவர் உள்ளே வரவும் சரியாக இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கோடம்பாக்கம் வீட்டு வாசலில் அது ஹாண்டில்பார் வரை முழுகியது. தண்ணீர் வடிந்தபின் துடைத்து, பழைய படுதாவால் மூடி வைத்தோம். அவர் போன பிறகு அதைத் தொடுவாரில்லை. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியே வருஷங்களைத் தள்ளிவிட்டேன்.

போன தை மாசம் என் பையன் படுதாவை எடுத்தான். "அம்மா, இதை டர்ட் பைக்கா மாத்தப் போறேன்" என்றான். டர்ட் பைக் என்றால் தார் ரோட்டுக்கு இல்லை, மண்ணுக்கும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஆன வண்டி. முள்ளு முள்ளாய் டயர், உயரத் தூக்கி வைத்த மட்கார்டு. ஊருக்கு வெளியே ஒருவருடைய சொந்த நிலத்தில் மண் பாதை போட்டு வைத்திருக்கிறார்களாம். இவனும் நாலு சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஓட்டப் போகிறார்களாம். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் ரேஸ் நடந்த காலத்தில் அவர் டிபன் கட்டிக்கொண்டு பார்க்கப் போவார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனியாக ரேஸ் மைதானம் வந்த பிறகும் போனார். அந்த ரத்தம், எங்கே போகும்?

வண்டியின் மற்ற பாகங்கள் பிழைத்துக்கொண்டன. டாங்க் மட்டும் போய்விட்டது. காரணம் எளிமையானது. தண்ணீர் பெட்ரோலை விட கனம். உள்ளே புகுந்தால் அடியில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். மேலே எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் அந்த மூலை துருப்பிடிக்கும். எங்கள் டாங்க்கின் அடியை ஸ்குரூ டிரைவரால் குத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று.

அசல் கம்பெனி டாங்க் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே வேறு யாரோ அதே அச்சில் செய்து விற்ற டாங்க், அதுவும் ஒருவர் உபயோகித்தது, போதும் என்று முடிவாயிற்று. சென்னையில் அதற்கு ஒரே போக்கிடம் புதுப்பேட்டைதான். "நானும் வரேண்டா" என்றேன். அவனுக்குச் சிரிப்பு. "நீ எதுக்கும்மா?" என்றான். முப்பது வருஷமாகப் பழைய பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து மாற்றியவள் நான், சட்டிக்கும் டாங்க்குக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

கோடம்பாக்கம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், கொஞ்ச தூரம் நடைதான். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களைப் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, என்ஜின் ஒரு கடை. நம் ரங்கநாதன் தெருவில் புடவை தொங்குகிற மாதிரி அங்கே சைலன்ஸர் தொங்குகிறது. டாங்க் விற்கிற கடையில் கயிற்றில் கோர்த்து மாட்டியிருந்தார்கள், தேங்காய்க் குலை மாதிரி.

நான் கைப்பையில் இரண்டு சாமான் எடுத்துப் போயிருந்தேன். ஒன்று, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை. இன்னொன்று முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி. பழைய டாங்க்கில் பள்ளம் விழுந்த இடத்தை புட்டி வைத்து நிரப்பி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். இரும்பில் கப்பென்று பிடிக்கிற காந்தம், புட்டி மேல் வழுக்கிவிடும். பளபளப்பான முதல் டாங்க்கில் என் பிரிட்ஜ் பொம்மை மூன்று இடத்தில் கீழே விழுந்தது. கடைக்காரப் பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அம்மா, நீங்க மெக்கானிக்கா?" என்றார்.

கண்ணாடி எதற்கென்றால், டாங்க்கின் வயிற்றைப் பார்ப்பதற்கு. வாசல் வெயிலில் நின்று கண்ணாடியில் வெளிச்சத்தைத் திருப்பி உள்ளே அடித்தால் மூலை முடுக்கெல்லாம் தெரிகிறது. தீக்குச்சி, மெழுகுவர்த்தி என்று யாரும் நினைக்கக்கூட வேண்டாம். துருவில் இரண்டு ஜாதி. மேலாக மாவு பூத்த மாதிரி இருப்பது, கழுவினால் போய்விடும். செதில் செதிலாய்ப் பெயர்வது உள்ளே அரித்தது, அது ஆகாது. மாவு பூத்த ஒன்றாய்ப் பார்த்து எடுத்தோம். சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தோம். "ஓட்டை கீட்டை இருந்தா மாத்திக் கொடுப்பீங்களா?" என்று கேட்டேன். "ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள், இடுப்பில் குழந்தையோடு. "அது உள்ளே வந்தா நான் இன்னிக்கே எங்க மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். பையன், "காலி டாங்க்டீ, ஒண்ணுமே இல்லே" என்றான். அவள் பக்கம்தான் நியாயம். காலி டாங்க் என்று ஒன்று கிடையாது. திரவம் போனாலும் ஆவி இருக்கும். நிறைந்த டாங்க்கை விடக் காலி டாங்க்தான் ஆபத்து, ஏனென்றால் ஆவியும் காற்றும் கலந்தால்தான் அது வெடிமருந்து.

நம்மில் பலர் சீமெண்ணெய் ஸ்டவ்வோடு பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் பெட்ரோலையும் அதன் தங்கை என்று நினைத்துக்கொள்கிறோம். சீமெண்ணெய் 38 டிகிரியாவது சூடேறினால்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூட அப்படி ஆவி விடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். சாம்பிராணிப் புகை போல மேலே போகாது, காஸ் கசிந்தால் தரையோடு படர்கிறதே, அப்படித்தான் இதுவும். வாசல்படியைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் புகுந்து, சமையலறைக்குள் வந்து, எங்கே நெருப்பு என்று தேடும். அடுப்பு வேண்டாம், பிரிட்ஜ் ஸ்விட்சில் வருகிற பொறி போதும். தரையோடு படர்கிற ஆவியை முதலில் சுவாசிப்பதும் தரையில் தவழ்கிற குழந்தைதான்.

ஆகவே டாங்க் நேரே மொட்டை மாடிக்குப் போயிற்று. மாடியில் அந்த நாலு நாளும் விளக்கு, கொசுவர்த்தி, இஸ்திரிப் பெட்டி, சிகரெட் எதுவும் கூடாது. பக்கத்து போர்ஷன்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மாடியில் நின்று புகை பிடிக்கிறவர். முகம் கொஞ்சம் சுருங்கியது, அதனால் என்ன?

டாங்க்குக்குள் அரை டம்ளர் பழைய பெட்ரோல் இருந்தது. பெட்ரோல் என்றா சொல்வது? கஷாய நிறம், வார்னிஷ் வாசனை. இதை வெளியே எடுக்க, தெருமுனை ஒர்க் ஷாப்பிலிருந்து உதவிக்கு வந்த சின்னப் பையன் டியூபை வாயில் வைத்து உறிஞ்சப் போனான். "டேய், கீழே போடு அதை!" என்று நான் கத்தியதில் அவன் நடுங்கிவிட்டான். ஒர்க் ஷாப்புகளில் இது சர்வ சாதாரணம். ஒரு வாய் உள்ளே போனால் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் சேதம். பெட்ரோலோ, சீமெண்ணெயோ, பெயிண்ட் தின்னரோ, ரொம்ப லேசான திரவம். இருமும்போது சுலபமாய் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா மாதிரி வீக்கத்தைக் கொண்டுவந்துவிடும்.

இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். குழந்தை தப்பித்தவறி இவற்றில் ஒன்றைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. விரலை விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் பெரிய தப்பு. போகும்போது ஒரு தடவை தப்பித்த நுரையீரல், திரும்பி வரும்போது தப்பிக்காமல் போகலாம். பட்ட துணியைக் கழற்றி, தோலை சோப்புத் தண்ணீரால் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. 108-க்குப் போன் செய்யுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். குழந்தை சிரித்து விளையாடுகிறதே என்று காத்திருக்காதீர்கள், இருமலும் இரைப்பும் சில மணி நேரம் கழித்தும் வரும். கூல்டிரிங்க் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி வைப்பது என்ற வழக்கத்தை எந்த வீட்டில் பார்த்தாலும் நான் சண்டை போடுவேன். குழந்தைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, பாட்டிலின் உருவம் மட்டும் தெரியும்.

பழைய டாங்க்கில் இன்னொரு வம்பும் உண்டு. முன்னெல்லாம் பெட்ரோலில் ஈயம் கலப்பார்கள். 1995-ல் சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்துதான் நாடு முழுதும் ஈயப் பெட்ரோல் நின்றது. அதற்கு முந்தின காலத்து டாங்க்காக இருந்தால் அடிமண்டியில் ஈயம் இருக்கலாம். குழந்தையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். டாங்க் எந்த வருஷத்து ஜாதகம் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் கையுறை, வேலை முடிந்ததும் மாடிக் குழாயிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவுதல், அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்கக்கூடாது, இவை மூன்றும் என் சட்டம். பையன் முணுமுணுத்தான், ஆனால் மீறவில்லை.

மண்டியை ஒர்க் ஷாப்பில் கழிவு ஆயிலுக்கென்று வைத்திருக்கும் டின்னில் சேர்த்துவிட்டோம். "ஓரமா ஊத்திடும்மா, அரை டம்ளர்தானே" என்றான். எங்கள் மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது? 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமென்று வந்தபோது தோண்டினோமே, அந்தக் குழிக்கு. குழி எங்கே போகிறது? கிணற்றுக்கு. அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் தேய்க்கிறோம். மாடியில் கழுவிய தண்ணீரையும் ஒரு சொட்டு விடாமல் பக்கெட்டில் பிடித்து, மேலே மிதந்த எண்ணெய்ப் பசையைக் கந்தைத் துணியில் ஒற்றி எடுத்தபிறகே சாக்கடைக் குழாய்க்குக் கொண்டுபோனோம். கால் வலிக்கத்தான் வலித்தது.

இரண்டு நாள் மூடியைக் கழற்றி நிழலில் காற்றாட வைத்தோம். பெட்ரோல் டேப்பைக் கழற்றி, அந்த ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடைத்தோம். பிறகு கழுத்து வரை தண்ணீர் ஊற்றி நிரப்பினோம். தண்ணீர் ஏற ஏற மிச்ச ஆவி வெளியேறிவிடும். அப்புறம் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டு மூன்று தடவை. எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் எந்தப் புளிப்பும் துருவைத் தொடாது. எண்ணெய்ச் சட்டியை முதலில் சோப்பால் தேய்த்துவிட்டுத்தானே புளி போடுகிறோம்?

துருவைச் சுரண்ட உள்ளே கை போகாது. மெக்கானிக்குகள் ஜல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்குவார்கள். கல் உடைந்து தூள் தங்கும் என்று, பையன் சின்ன இரும்பு நட்டுகளைப் போட்டான். நான் எண்ணி முப்பது கொடுத்தேன். தண்ணீரோடு சேர்த்துக் குலுக்க வேண்டும், வறட்டுக் குலுக்கல் பொறி கிளப்பும். ஆளுக்குப் பத்து நிமிஷம், பழைய போர்வையில் சுற்றி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும். கொட்டியபோது எண்ணினால் 29. "ஒண்ணுதானேம்மா" என்றான். அந்த ஒன்று ஓடும்போது டேப் வாயில் போய் உட்கார்ந்தால்? இன்னும் அரை மணி நேரம் தலைகீழாய்ப் பிடித்து ஆட்டி, முப்பதாவதை வெளியே வரவழைத்தோம்.

துரு எடுக்க ஒர்க் ஷாப்பில் சொன்ன யோசனை, கக்கூஸ் கழுவும் ஆஸிட். வேலை சீக்கிரம் முடியும், வாஸ்தவம். ஆனால் அது துருவோடு நிற்காமல் நல்ல தகட்டையும் தின்னும், அதன் புகை தொண்டையை எரிக்கும். பக்கத்தில் யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். பித்தளைக்கு நாம் போடுகிற புளி இரும்புத் துருவையும் கரைக்கும், அதிலிருக்கிற புளிப்பு அமிலத்தின் வேலை அது. ஆனால் புளியில் நாரும் சக்கையும் உண்டே, டேப்பின் சல்லடையை அடைத்துவிடும். அதற்குப் பதில் மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆஸிட். சுத்தமாய்க் கரையும், புகை கிடையாது. லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கணக்கு. டாங்க் நிறைய ஊற்றி, மூடியை இறுக்காமல் வைத்துவிட்டோம். உள்ளே வாயு உண்டாகும், அது வெளியேற வழி வேண்டும்.

மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தால், தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி இருந்தது. கொட்டிவிட்டு வெயிலில் கண்ணாடியைப் பிடித்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் புது எவர்சில்வர் போல ஒரு மங்கல் பளபளப்பு! பையன் என்னை அப்படியே தூக்கிச் சுற்றாத குறைதான். அப்புறம் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். மிச்சமிருந்த புளிப்பு நுரைத்து அடங்கியது. நுரைக்கிறபோதும் மூடி போடக்கூடாது.

சந்தோஷம் பதினைந்து நிமிஷம். வெயிலில் சாய்த்து வைத்த டாங்க்குக்குக் கீழே விரித்திருந்த நியூஸ் பேப்பரில், காசளவு ஈரம். துடைத்தோம், மறுபடி ஈரம். துருவே இத்தனை நாள் அடைப்பாக இருந்து, துரு போனதும் ஊசித் துவாரம் வாயைத் திறந்திருக்கிறது. புதுப்பேட்டை வெயிலில் எந்தக் கண்ணாடியாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பையனுக்கு ஆத்திரம். "முனையில வெல்டிங் கடையில ஒரு பொட்டு வெச்சா சரியாயிடும். அஞ்சு நிமிஷ வேலை" என்று டாங்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். நான் மாடிப்படியில் குறுக்கே நின்றேன். "இத்தனை தடவை கழுவியாச்சும்மா. சோப்பு, வெந்நீர், எலுமிச்சை உப்பு... இன்னும் எங்கே இருக்கு பெட்ரோல்?" என்றான். தகடு மடித்து ஒட்டிய இடத்தில், துரு தின்ற நுண்ணிய துவாரத்தில், எத்தனை கழுவினாலும் கொஞ்சம் தங்கும். குளிர்ந்திருக்கும்போது அது சாது. வெல்டிங் சூடு பட்டதும் ஆவியாகி, மூடிய டாங்க்குக்குள் காற்றோடு கலந்து, அங்கேயே நெருப்பும் காத்திருந்தால் டாங்க் குண்டாகிவிடும். பெட்ரோல் டாங்க்கைப் பற்றவைக்கப் போய் உயிர் விட்டவர்கள் எல்லாருமே "காலி டாங்க்தானே" என்று சொன்னவர்கள்தான். இந்த வேலையை முறையாய்ச் செய்கிறவர்கள் நீராவி விட்டு, உள்ளே எரியாத வாயுவை நிரப்பி, அளந்து பார்த்துச் செய்வார்கள். முனையில் இருக்கும் தம்பிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள்.

இதையெல்லாம் அவனிடம் இவ்வளவு கோவையாகச் சொன்னேனா? இல்லை. "உங்கப்பா வண்டி போனாப் போகட்டும், நீ போகக்கூடாது" என்று சொன்னேன். சொன்னபிறகு இரண்டு பேருமே பேசவில்லை. அவன் டாங்க்கைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமல் வெளியே போய்விட்டான்.

சமாதானம் வந்தது எங்கள் தெரு மெக்கானிக் வடிவில். அறுபத்தைந்து வயசு இருக்கும், அந்தக் காலத்தில் சினிமாக்களில் ஹீரோவின் டூப் வண்டியோடு தாவுவாரே, அந்த மாதிரி ஷூட்டிங்குகளுக்கு வண்டி தயார் செய்து கொடுத்தவர். ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாய் அபார்ட்மென்ட் ஆனபிறகும் இந்தத் தெருவை விட்டுப் போகாதவர். பையன் அவரிடம்தான் போய் அழுதிருக்கிறான். சாயந்திரம் அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். "அம்மா சொல்றது கரெக்ட் தம்பி. நான் டாங்க்குக்கு வெல்டு வெக்கறதே இல்லே. ஒரு தரம் பார்த்துட்டேன், போதும்" என்றார். எங்கே, என்ன பார்த்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எம்-ஸீல் வைத்து அடைக்கலாமா என்று பையன் இழுத்தான். "ரோட்டில் நின்றுவிட்டால் வீடு வந்து சேருகிற வரைக்கும் தாங்கலாம். மண்ணில் குதிக்கிற வண்டிக்கு, காலுக்கு நடுவே, சைலன்ஸர் பக்கத்தில் சொட்டுகிற டாங்க் எதற்கு?" என்று முடித்துவிட்டார்.

ஆறாம் நாள் மறுபடி எழும்பூர் ரயில். கடைக்காரப் பெரியவர் முனகாமல் மாற்றிக் கொடுத்தார், சொன்ன சொல் தவறவில்லை. கூட ஒரு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம். "உள்ளே இவ்வளவு சுத்தமா கழுவியிருக்கீங்களே, எதைப் போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். திருப்பிக் கொடுத்த டாங்க்கின் துவாரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, "ஓட்டை" என்று பெரிதாய் எழுதிவிட்டுத்தான் வந்தேன். இன்னொரு அம்மா பிள்ளை அதை வாங்கக்கூடாதல்லவா?

இரண்டாவது டாங்க்குக்கும் அதே கிரியைகள், அதே முப்பது நட்டுகள். இந்தத் தடவை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். பேப்பர் பொரிந்துபோன அப்பளம் மாதிரி வறட்சியாக இருந்தது. ஒன்று மறந்துவிடாதீர்கள், துரு எடுத்த இரும்பு புது ரணம் மாதிரி. ஈரத்தோடு விட்டால் கண்ணெதிரே மறுபடி மஞ்சள் பூக்கும். உச்சி வெயிலில் குப்புற வைத்து, தொட்டால் சுடும்படி காய்ந்து, அது ஆறியதும் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே ஊற்றி, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி எல்லாப் பக்கமும் உருட்டி எடுத்தோம்.

மாட்டுகிறது சுலபம் என்று நினைத்தோம். கம்பெனி டாங்க் இல்லையா, அச்சு ஒரு நூல் அப்படி இப்படித்தான் இருக்கும். முன்பக்கம் சட்டத்தில் இருக்கிற இரண்டு ரப்பர் குமிழ்களில் போய் உட்கார வேண்டும், பின்பக்கம் சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் போல்ட் ஓட்டை நேராக வரவில்லை. சிநேகிதப் பையன் ஒருவன் சுத்தியலை எடுத்தான். மெக்கானிக் பெரியவர் அதைப் பிடுங்கி வைத்தார். பழைய ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்ததுதான் காரணம். புது ரப்பர் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவியதும் வளையல் ஏறுகிற மாதிரி ஏறிவிட்டது. டாங்க்கின் அடிவயிறு எங்கேயும் சட்டத்தில் உராயக்கூடாது, அதற்கு அடியில் போகிற ஸ்பார்க் பிளக் வயரை நசுக்கக்கூடாது என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பெட்ரோலும் பொறியும் அங்கே ஒரு சாண் தூரத்தில் குடித்தனம் பண்ணுகின்றன.

டேப்புக்குப் புது வாஷரும் சல்லடையும் போட்டார்கள். பழைய ரப்பர் டியூபைத் தூக்கி எறியச் சொன்னார். 2023-லிருந்து 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்து, இப்போது பங்குகளில் பெரும்பாலும் அதுதான். பழைய காலத்து ரப்பர் அதில் ஊறி உப்பி வெடித்துவிடுகிறது. எதனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், உப்பு ஜாடியைத் திறந்து வைத்த மாதிரி. மாசக்கணக்கில் நிற்கிற வண்டியில் பெட்ரோலைப் பாதி டாங்க் விட்டு வைக்காமல், முழுசாக நிரப்பு, இல்லை வடித்துவிடு என்றார். டாங்க் மூடியில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு மூச்சுத் துவாரம் இருக்கிறது. அது அடைத்திருந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுமாம். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் விழாதே, இரண்டாவது ஓட்டை போடுகிறோமே, அதே கதை. இதை நான் சொன்னதும் பெரியவர், "அம்மா ஒர்க் ஷாப் வெக்கலாம்" என்றார். என் பெண் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கால் லிட்டர் மட்டும் ஊற்றி, வாசலுக்கு வெளியே ஒரு ராத்திரி நிறுத்தி, காலையில் டேப், டியூப், அடி எல்லாம் விரலால் தொட்டுப் பார்த்தபின்தான் கிக்கரை மிதித்தான். ஏழாவது உதையில் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க நீலப் புகை. அந்தச் சத்தம்... நான் உள்ளே போய் அடுப்பைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டு ஞாயிறு போய்விட்டு வந்திருக்கிறான். ஹெல்மெட், முழங்கால் கவசம், பூட்ஸ் மூன்றும் இல்லாமல் சாவி என்னிடமிருந்து வராது. வரும்போது தலையிலிருந்து கால்வரை செம்மண், கண் மட்டும்தான் தெரியும். பேத்தி பார்த்துவிட்டு வீறிட்டாள். டாங்க்கில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பெட்ரோல் பட்ட துணிகளை மட்டும் மாடியில் தனிக் கொடியில் ஒரு நாள் காற்றாடவிட்டு, பிறகு கையால் தனியாக அலசுகிறேன். மெஷினில் போடுவதில்லை.

நேற்று, அடுத்தது கார்புரேட்டராம். அதைக் கழுவ ஒரு பழைய பாத்திரம் வேண்டும் என்று வந்து நின்றான். பிடி உடைந்த அலுமினிய வாணலி ஒன்று இருந்தது, கொடுத்தேன். அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறிவிட்டுத்தான் கொடுத்தேன். இனி அது அடுக்களைக்குள் வராது.